லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) தென்னிந்தியாவையும் பர்மாவையும் நிழற்படங்களில் பதிவு செய்த பிரித்தானிய இராணுவ அதிகாரி ஆவார்.

துறைமுகப் படங்கள்

இவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்தார். 1838 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் திரும்பியபோது நிழற்படக்கலையில் ஈடுபட்டார். டெவன்போர்ட் துறைமுகமும் அங்கு நின்ற கப்பல்களும் இவரது தொடக்ககாலப் படங்களுள் அடங்கும்.

தமிழகத்தில்

1855 இல் பர்மா சென்ற பிரித்தானியத் தூதுக்குழுவுடன் சென்று படமெடுத்தார். 1856 இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களை மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் படமாக்கினார். அக்கால நெகட்டிவ்களில் வானம் வெறுமையாகவே பதிந்தது. எனவே சிலவற்றில் மேகங்களைக் கையால் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக இணைத்தமை குறிப்பிடத்தக்கது.

பணியின் முடிவு

1859 இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், செலவு மிகுதி எனக் கருதி இப்பணியை நிறுத்தினார். அதன்பின் டிரைப் மிகச்சில படங்களையே எடுத்தார். 1873 இல் தாயகம் திரும்பிய இவர் டெவன்போர்ட்டில் காலமானார். சில ஆண்டுகளே நீடித்த பணியில் உருவான இப்படங்கள், 1850களில் தமிழகக் கோயில்கள் இருந்த நிலையை அறிய உதவும் சான்றுகளாக உள்ளன.