கூழின் இயல்பு கண்ட கிரகாம்

தந்தை சொல்லைத் தலைமேற் கொள்க என்று மாணாக்கர்க்குக் கற்பிப்பவன் நான். எனினும், தந்தையின் விருப்புக்கு இணங்காத ஒருவரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன். அவரே தோமஸ் கிரகாம்.

1805ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவர் பிறந்தார். மகன் சமய குருவாதல் வேண்டும் என்பது தந்தையாரின் எண்ணம். மகனோ பேராசிரியர் தோமஸ் தொம்சனிடம் கேட்ட இரசாயனப் பாடத்தில் உள்ளந் தோய்ந்தார். தந்தையார் சினந்து பொருளுதவியை நிறுத்தினார். அன்னையாரின் ஆதரவும், பாடஞ் சொல்லியும் எழுதியும் ஈட்டிய சிறுபொருளுமே அவரைத் தாங்கின. 1830இல் கிளாஸ்கோவிலும் 1837இல் இலண்டனிலும் பேராசிரியரானார். 1855 முதல் இறக்கும் வரை அரச நாணயச்சாலைத் தலைவராகவும் விளங்கினார்.

1861இல் அவர் கண்டது இது: நீரிற் கரைந்த உப்பும் சீனியும் மெல்லிய தோற்றாளை ஊடுருவிச் சென்றன, பிசினும் பசையும் கடவாது நின்றன. பின்னவற்றுக்குப் பசை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலொயிட்' எனப் பெயரிட்டார். நாம் கூழ்மம் என்கிறோம். இவ்வாறு பிரித்தெடுக்கும் முறைக்கு அவர் இட்ட 'டயாலிசிஸ்' என்னும் பெயரே, சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இன்று செய்யும் சிகிச்சைக்கும் வழங்குகிறது.

கூழ்மத்தை அவர் தனியொரு பொருளினமாகக் கருதினார். அது பொருள்கள் எய்தும் ஒரு நிலையே எனப் பின்வந்தோர் தெளிந்தனர். இதற்குச் சான்று தேட நாம் மேல்நாடு செல்ல வேண்டியதில்லை. அட்டனிலோ நுவரெலியாவிலோ பால் கலவாத கடுஞ்சாயத்தை ஆறவிடுங்கள். தெளிந்த செந்நிறம் மங்கிக் கலங்கும். மீண்டும் சூடாக்கின் தெளியும். கொழுந்திலுள்ள கஃபீனும், அது நொதித்துப் பக்குவமாகும்போது தோன்றும் நிறப்பொருள்களும் வெந்நீரிற் பிரிந்து நிற்கின்றன. குளிர்ந்ததும் தாமே ஒன்றையொன்று பற்றி நுண்டுகள்களாய்த் திரள்கின்றன. சூடேறின் பிடி தளர்கின்றன. இக்கலக்கத்தைத் தேயிலை சுவைப்போர் குறையெனக் கருதார். தரத்தின் அடையாளமெனக் கொள்வர்.

ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்துக் கிரகாம் மறைந்தார். இம்மலைகளை அவர் கண்டதில்லை. ஆயினும் இங்குள்ள ஒவ்வொரு கோப்பைச் சாயத்திலும் அவர் தொடங்கிய ஆராய்ச்சிக்குரிய பொருள் உண்டு.

லயத்துப் பிள்ளை ஒன்றின் உள்ளம் நாடும் கல்வி, பெற்றோர் குறித்த தொழிலுக்கு ஒவ்வாதிருக்கலாம். அவ்வேளை கிரகாமுக்கு வாய்த்த அன்னையைப் போல் ஒருவரேனும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும். வீட்டில் அத்துணை இல்லையேல், ஆசிரியராகிய நாமே அதுவாதல் கடன்.