மறுப்பிற் பிறந்த விதி

வெப்பநிலை மாறாதிருக்குமாயின் ஒரு குறித்த திணிவுடைய வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும் என்று விஞ்ஞான வகுப்பு மாணவர் எவரும் தடையின்றி ஒப்புவிப்பர். சூத்திரத்துக்குரிய போயில் என்பார் யாவர், எங்ஙனம் வாழ்ந்தார் என்று வினாவினாலோ அவருட் பலர் வாய் திறவார். இலக்கணங் கற்பிக்கும் யான் ஒரு விஞ்ஞானியின் சரிதங் கூறப் புகுந்தது ஏனெனின், அவ்விதி பிறந்த வகை வாதம் புரிவார் யாவரும் அறியத்தக்கது என்று கருதியமையாலேயாம்.

றொபேட் போயில் 1627ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி அயர்லாந்திலுள்ள லிஸ்மோர் மாளிகையில், பெருஞ்செல்வராகிய கோர்க் பிரபுவுக்கு 14ஆவது மகவாகப் பிறந்தார். மூன்று வயதளவில் தாயை இழந்தார். திக்கிப் பேசும் சிறுவரைப் பார்த்து விளையாட்டாக நடித்த திக்கல் அவர் நாவிலேயே தங்கிவிட்டது. ஈற்றன் பள்ளியில் நோயுற்றிருந்த காலத்தில் பழைய வீரகதைகளை அவருக்குப் படிக்கக் கொடுத்தனர். அவற்றால் அலையத் தொடங்கிய மனத்தை அடக்குதற்கு வர்க்கமூலமும் கனமூலமும் காண்பதை மருந்தாகக் கொண்டார். காவியம் படிப்பிக்கும் எம்போலியர்க்கு இது உவப்பான செய்தியன்று. எனினும் உள்ளதை மறைத்தற்கில்லை. 1642இல் கலிலியோ உயிர்நீத்த காலை, இவர் அயலிலுள்ள புளோரன்ஸ் நகரில் அப்பெரியாரின் நூல்களைப் பயின்றுகொண்டிருந்தார்.

பின்னர் ஒக்ஸ்போட்டிற் குடியேறிய போயிலுக்கு, கைவன்மை மிக்க றொபேட் ஹூக் துணைவராக வாய்த்தார். கண்ணாடிக் கலத்தினின்று வளியை அகற்றும் பொறியொன்றை 1659இல் ஹூக் அமைத்தார். அக்கலத்துள் மெழுகுதிரி அவிந்தது. கடிகாரத்தின் ஓசை தேய்ந்தது. வளியானது கம்பளி மயிர்த்திரள் போல அழுத்தச் சுருங்கி, விட்டவுடன் விரியும் இயல்பினது என்று 1660இல் வெளியிட்ட நூலிற் போயில் கூறினார்.

இதனை மறுத்தெழுந்தார் இருவர். ஒருவர் தத்துவஞானி ஹொப்ஸ். மற்றையவர் யேசுசபைக் கல்விமானாகிய பிரான்சிஸ் லைனஸ். வளிக்கு மீள்சத்தி சிறிது உண்டெனினும் 29 அங்குல இரசத்தைத் தாங்க அது போதாது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு நூலே இரசத்தை மேலே இழுத்து நிறுத்துகின்றது என்பது லைனஸின் பக்கம். நம் புலவருலகிலும் கண்டன நூல்கள் பல எழுந்தன. அவற்றுட் சில, எதிரியின் கொள்கையை ஆராய்ந்ததினும் அவன் குலத்தையும் ஊரையும் ஆராய்வதிலேயே மிக உழைத்தன. போயில் அவ்வழிச் செல்லாது, பரபக்கத்தை அதன் சொற்படியே எடுத்துரைத்து, பின் குழாயும் இரசமுங் கொண்டு அதனைச் சோதிக்கத் தலைப்பட்டார்.

குட்டையான புயத்தின் நுனி அடைக்கப்பட்ட வளைந்த கண்ணாடிக் குழாய் அது. நெடிய புயத்தினூடாக இரசம் வார்க்க, குறும்புயத்திற் சிறைப்பட்ட வளி ஒடுங்கும். ஒருமுறை குழாய் உடைந்து இரசம் சிந்திற்று. பிறகு கொண்ட குழாய் அறையில் வைத்துப் புழங்கவியலாத நீளமுடையது. ஆதலின் அதனைப் படிக்கட்டில் நிறுத்தி, சிந்தும் இரசத்தை ஏந்த அடியில் ஒரு பெட்டியும் வைத்தனர். வளி 48 கூறாக நின்றபோது அமுக்கம் 29 1/8 அங்குலம். 24 ஆகச் சுருங்கியபோது 58 13/16. 12 ஆனபோது 117 9/16. விகிதப்படி கடைசி இரண்டும் 58 1/4, 116 1/2 ஆதல் வேண்டும். கண்ட எண்ணையும் கணித்த எண்ணையும் அருகருகே அச்சிட்டு, வேறுபாட்டை யாவருங் காண விட்டார் போயில். 29 அங்குலத்துக்கே வலியற்றது எனப்பட்ட வளி அதன் நான்மடங்கைத் தாங்கி நின்றது. 1662இல் வெளிவந்த இம்மறுப்பிலேதான் விதி பிறந்தது. லைனஸ் மறுத்திராவிடின் அப்படிக்கட்டுச் சோதனை நிகழ்ந்திருக்குமோ என்பது ஐயமே.

இன்னுமொன்று. அமுக்கமும் கனவளவும் இவ்விகிதத்தில் மாறும் என்னும் கருத்து றிச்சட் ரௌண்லி என்பாருடையது என்று போயில் அந்நூலிலேயே பெயர் சுட்டிக் கூறியுள்ளார். மறைத்தவர் போயில் அல்லர். பின்வந்த பாடநூல்களே ரௌண்லியை மறந்தன. பிரான்சிலோ அது 1676இல் அதனைத் தனியே ஆராய்ந்து வெளியிட்ட மாரியொத்தின் பெயரால் வழங்குகின்றது.

வெப்பத்தையும் போயில் கவனியாது விடவில்லை. சிறைப்பட்ட வளியின்மேல் நனைத்த துணியைச் சுற்றியும் மெழுகுதிரிச் சுடரைக் காட்டியும் பார்த்தார். ஆயின் அளந்து கூறத்தக்க வெப்பமானி அந்நாளில் இல்லை. 1787ஆம் ஆண்டளவில் சாள்ஸ் அவ்வாராய்ச்சியைச் செய்தும் வெளியிட்டாரல்லர். 1802இல் வெளியிட்ட கேலுசாக், சாள்ஸின் முன்முயற்சியைத் தாமே எடுத்துரைத்தார். அமுக்கம் மாறாதிருப்பின், வெப்பநிலை சதமவளவில் ஒரு பாகை ஏறுந்தோறும் வாயு தன் 0 பாகைக் கனவளவில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு விரியும் என்பதை இன்று சிறாரும் அறிவர்.

1668 முதல் போயில் இலண்டனில் தமக்கையார் கத்தரின் இல்லத்தில் வாழ்ந்தார். மணஞ் செய்திலர். ஐரிஷ் மொழியில் வேதாகமம் அச்சாகப் பொருளுதவினார். 1680இல் அரச கழகத்தின் தலைமை வந்தெய்தியபோது, சத்தியஞ் செய்தற்கு மனச்சாட்சி இடந்தராமையால் அதனை ஏற்க மறுத்தார். தமக்கையார் 1691ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி இறந்தார். 8 நாளில், 31ஆந் திகதி, தம்பியாரும் இறந்தார். இருவரையும் செயின்ற் மாட்டின் ஆலயத்தில் அடக்கஞ் செய்தனர். 1721இல் அவ்வாலயத்தை இடித்துப் புதிது கட்டியபோது, போயிலின் கல்லறை இருந்த இடம் அறியாமற் போயிற்று.