வீட்டை விற்றுக் கல்லூரி தந்தவர்: அமரர் சி. இராஜம்

நம் சந்திப்பு இந்த முறை திருமயத்தில் என்று முடிவானதும், ஊர்க்காரன் என்ற உரிமையில் மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். கோட்டையைப் பற்றி எழுதலாம். இந்த மண்ணில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியைப் பற்றி எழுதலாம். ஆனால் நாமெல்லாம் ஒன்றுகூடுவதற்கே காரணமான மனிதர் ஒருவர் இருக்கிறார். மூன்று வருஷம், நாலு வருஷம் என்று படித்துவிட்டு வந்த நம்மில் பலருக்கு, ஹாலின் பெயருக்கு மேல் அவரைப் பற்றித் தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

அமரர் சின்னசாமி இராஜம் 1882-ல், கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள சுவாமிமலையில் பிறந்தவர். சென்னையில் தொழிலதிபராக உயர்ந்தார். 'இந்தியா ஹவுஸ்' என்ற பெரிய மாளிகை அவருக்கு இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்தபோது அவருக்கு வயது 65. நம்மவர்கள் அந்த வயதில் சொத்தைப் பாகம் பிரித்து வைத்துவிட்டு, காசி, ராமேசுவரம் என்று கிளம்புவார்கள். இவர் மாளிகையை விற்றார். அந்தப் பணத்தை முதலாக வைத்து 1949-ல், குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார்.

கல்லூரி கட்டிய வள்ளல்கள் வேறு பலரும் உண்டு. திருமயத்துக்குப் பக்கத்திலேயே கோட்டையூர் அழகப்பச் செட்டியார் இருந்தார். இராஜம் அவர்களின் துணிச்சல் எதில் என்றால், அவர் தேர்ந்தெடுத்த பாடங்களில். சிவில், மெக்கானிக்கல் என்று வேலைக்கு உத்தரவாதமுள்ள படிப்புகளாகப் பார்த்து வைத்திருக்கலாம். அவர் வைத்ததோ ஏரோநாட்டிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமெண்டேஷன்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் 1940-ல்தான் வந்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானவியல் துறை 1942-ல் தொடங்கியது. நம்மவர்கள் வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் முதன்முதலாகப் பறந்ததே 1951 ஆகஸ்டில். அதாவது, சொந்த விமானம் ஒன்று மேலே எழும்புவதற்கு இரண்டு வருஷம் முன்பே, அதைக் கட்டப் பையன்களைத் தயார் செய்யப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார் மனுஷர்! பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. இறக்கை பலமாகவும் இருக்க வேண்டும், கனமும் கூடாது. இந்தக் கஷ்டமான கணக்குத்தான் அந்தப் படிப்பின் உயிர்.

அவர் விதைத்தது யாருக்குப் பலித்தது? ராமேசுவரத்திலிருந்து ஒரு பையன் திருச்சி செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்சி. முடித்துவிட்டு 1950-களின் நடுவில் இங்கே சேர வந்தார். கட்ட வேண்டிய ஆயிரம் ரூபாய் வீட்டில் இல்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரி வளாகத்தில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்தே அவர் ஏரோநாட்டிக்கல் பிரிவை எடுத்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பு வேலை சரியாக நகரவில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு வைத்தார். தவறினால் உதவித்தொகை போய்விடும். தூக்கம், சாப்பாடு மறந்து முடித்துக் கொடுத்தார் மாணவர். அவர்தான் அப்துல் கலாம்.

1980 ஜூலையில் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. அதைப் பார்க்க இராஜம் இல்லை. 1955-லேயே காலமாகிவிட்டார். இந்த இடத்தில் எனக்குச் சத்தியமூர்த்தி ஞாபகம் வருகிறது. சென்னை மேயராக இருந்து, ஊர் தாகம் தீரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக அவர் பாடுபட்டார். 1943-ல் அவர் மறைந்தார். 1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போகிறான் என்று நம் பக்கம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எம்.ஐ.டி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பின்னாளில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பும் வந்தது. இப்போது ஏரோ, ஏரோஸ்பேஸ் படிப்பு தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் கிடைக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. இருந்தாலும் நகையும் நிலமும் அடகுக்குப் போவது நின்றபாடில்லை. படித்து முடித்தவன் விமானத்தைத் தொடாமலே வேறு வேலைக்குப் போவதும் நடக்கிறது.

அவர் தன் வீட்டையே விற்றார். நம்மை யாரும் வீட்டை விற்கச் சொல்லவில்லை. திருமயம் மாதிரி ஊரிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டலாம். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, வேலை எங்கே என்று உண்மையை எடுத்துச் சொல்லலாம். கோட்டை உச்சியில் பீரங்கிப் பக்கம் நின்று பேசும்போது, நண்பர்களே, இதையும் பேசுவோம்.