தட்டில் நின்ற குரல்

செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, பாலப் பருவத்திலேயே நாடக மேடை ஏறியவர். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை அவர் குரல் எட்டியது. நம் கொங்கு நாட்டுக் கொடுமுடி சுந்தராம்பாளை மணந்தார். 1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. ஒன்றிலும் நடிக்காமலே 1933-இல், 27 வயதில் மறைந்தார். வெள்ளுடை பூண்ட அம்மையாரைத் திரையிலேனும் காண்கிறோம். கிட்டப்பாவுக்கு எஞ்சியவை நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்கு இசைத்தட்டுகளே. பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு! பழைய கிராமபோனைத் தேடி வாங்கி, ஸ்பிரிங்கைச் சீராக்கும் அன்பர்கள், ஒவ்வொரு பக்கத்திற்கும் புது ஊசி மாட்டுவார்கள். ஊசிக்குக் கஞ்சத்தனம் பார்த்தால், தேய்ந்த முனை தட்டின் வரியை அரித்துவிடும். அரிபடுவது அந்தக் குரல் அல்லவா?