தந்தையின் கடைசி விருப்பமும் வெறுங்கால் பந்தும்: ரி. ஆவோவின் தொடக்க காலம்

1948 யூலை 29ஆம் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் தொடங்கின. சுதந்திரம் அடைந்து ஓராண்டுகூட நிறையாத இந்தியாவின் கொடியை ஏந்தி அணியின் முன்னால் நடந்தவர் முப்பது வயதான ஒரு வைத்தியக் கல்லூரி மாணவர். டெல்லியையோ பம்பாயையோ சேர்ந்தவர் அல்ல. நாகா மலையில் சங்கி என்ற கிராமத்தில் பிறந்தவர். பெயர் தலிமெரன் ஆவோ. ரசிகர்களுக்கு அவர் ரி. ஆவோ. இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவரும் அவரே.

அந்த ஒலிம்பிக் என்றால் எங்கள் நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் டங்கன் வைட். 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை அவர் வென்றது யூலை 31ஆம் திகதி. அதே நாளில், அதே நகரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள இல்ஃபோர்ட் மைதானத்தில், ஆவோவின் அணி பிரான்ஸ் அணியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது.

வன்னியில் விளையாட்டுச் செய்திகள் சேகரிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வியை நான் சந்திக்கிறேன். பந்து நன்றாக விளையாடுகிற பிள்ளையின் தாய் அதைக் கேட்பார். விளையாட்டில் போனால் படிப்பு என்னாகும், குடும்பத்தை யார் பார்ப்பது என்று கேட்பார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தலைமுறையிடமிருந்து போர் மைதானத்தையும் பறித்தது, பாடசாலை ஆண்டுகளையும் பறித்தது. மிஞ்சிய கொஞ்சக் காலத்தில் எதைப் பிடிப்பது என்று ஒரு தாய் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஆவோவின் இளமைக் காலத்தை நான் தேடிப் படித்தது இந்தக் கேள்வியால்தான்.

அவர் பிறந்தது 1918 சனவரி 28ஆம் திகதி. பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர். தந்தை சுபோங்வாதி நிங்தாரி ஆவோ ஒரு போதகர். அமெரிக்க பப்ரிஸ்ற் மிஷன் நாகா மலையில் இம்பூர் என்ற இடத்தில் ஒரு நிலையம் அமைத்திருந்தது. தேவாலயமும் பாடசாலையும் அங்கே இருந்தன. கூடவே ஒரு வெளியான நிலமும் இருந்தது. அந்த நிலத்தில்தான் சிறுவன் ஆவோ பந்தை உதைக்கத் தொடங்கினான். பந்து என்றால் கடையில் வாங்கியது அல்ல. கந்தல் துணியைச் சுற்றிக் கட்டிய பந்து. சப்பாத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலையில் படித்து முடித்தபின் அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கி, யோர்ஹாட்டில் உள்ள மிஷன் பாடசாலையில் சேர்ந்தார். உயரமும் உடற்கட்டும் கொண்ட பையன் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் பந்திலும் முன்னுக்கு வந்தான். அந்தக் காலத்தில்தான், 1935இல், தந்தை நெருப்புக்காய்ச்சலில் இறந்துபோனார். ஆவோவுக்கு அப்போது பதினேழு வயது. மகன் வைத்தியராக வேண்டும், தன் மக்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பது தந்தையின் கடைசி விருப்பம். இன்று மருந்தால் குணமாகும் காய்ச்சல் ஒன்று, அந்நாளில் பன்னிரண்டு பிள்ளைகளின் தகப்பனைக் கொண்டுபோனது. மலையில் வைத்தியர் இல்லாமையின் விலை என்னவென்று அந்த வீட்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த படி குவாஹாட்டியின் கொட்டன் கல்லூரி. வைத்தியக் கல்லூரிக்குப் போவதற்குத் தேவையான விஞ்ஞானப் படிப்பை அங்கே படித்தார். மாலையில் பந்து. நகரின் மகாரானா கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே சரத் தாஸ் என்ற வீரரின் நட்பு கிடைத்தது. இந்த நட்புத்தான் பின்னால் கல்கத்தாவின் கதவைத் திறந்தது. கோல் அடிக்கும் முன்கள வீரராக ஆடத் தொடங்கியவர் மெல்லப் பின்னுக்கு வந்து, எதிரணியின் தாக்குதலை மறிக்கும் நடுக்கள வீரராக மாறினார்.

அந்த இடத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, அன்றைய ஆட்டமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் என்று அணியை நிறுத்துவார்கள். நடு மூவரில் மையத்தில் நிற்பவரே அணியின் அச்சாணி. எதிரணி முன்னேறும்போது முதலில் மறிப்பவர் அவர். பந்தைப் பறித்ததும் அதை முன்னால் இருக்கும் ஐவருக்கும் பிரித்துக் கொடுப்பவரும் அவர். பலமும் நிதானமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். ஆவோ தன் இடத்தை அங்கேதான் கண்டுகொண்டார்.

1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பின்னாளில் ஆர். ஜி. கர் என்று பெயர் மாறிய அதே கல்லூரி. அதற்கு முன்பே கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகான் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த சரத் தாஸ், நண்பரை அங்கே கூட்டிக்கொண்டு போனார். 1943இல் ஆவோ பச்சையும் செம்மண் நிறமும் கலந்த அந்தச் சட்டையை அணிந்தார்.

மோகன் பகான் சாதாரணக் கழகம் அல்ல. 1889இல் தொடங்கியது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, சப்பாத்து அணிந்த பிரித்தானியப் படைப்பிரிவு அணியை இறுதிப் போட்டியில் வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. அடிமைப்பட்ட ஒரு நாடு அந்த வெற்றியை உதைபந்தாட்டத்துக்கும் மேலான ஒன்றாகக் கொண்டாடியது. அப்படியொரு கழகத்தின் நடுக்களத்துக்கு மலையிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பின்னால் சைலன் மன்னாவும் அவரோடு சேர்ந்தபோது சரத் தாஸ், ஆவோ, மன்னா மூவரும் நின்ற தடுப்பைச் சீனப் பெருஞ்சுவர் என்று கல்கத்தா ரசிகர்கள் அழைத்தார்கள்.

கல்கத்தாவின் பெரிய கழகங்கள் அன்று பெயரளவில் சம்பளம் கொடுக்காதவை. விளையாட்டை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எனவே ஆவோவுக்கு உதைபந்தாட்டம் ஒருபோதும் தொழிலாகத் தெரிந்திருக்க முடியாது. காலையில் உடற்கூற்றியல் வகுப்பு, மாலையில் மைதானம். இரண்டையும் சேர்த்து நடத்தியதில் வைத்தியப் பட்டம் பெற எட்டு ஆண்டுகள் எடுத்தன.

அந்த எட்டு ஆண்டுகளும் எப்படியான ஆண்டுகள் என்பதைப் பார்க்க வேண்டும். 1942 திசம்பரில் யப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. 1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டிருக்கலாம் என்பதே பொதுவான மதிப்பீடு. கிராமங்களிலிருந்து சோறு தேடி வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். அதே ஆண்டு அதே நகரில் லீக் போட்டிகளும் நடந்தன. மோகன் பகான் அந்த லீக்கை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. பசியால் ஆட்கள் சாகும் நகரில் மைதானம் நிறைந்திருந்தது என்றால் வெளியில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். முகாமின் முள்வேலிக்குள் பிள்ளைகள் பந்து உதைத்ததைப் பார்த்த எங்களுக்கு அது விளங்கும்.

1944இல் ஆவோ மோகன் பகானின் தலைவரானார். அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் பர்மாவிலிருந்து வந்த யப்பானியப் படை நாகா மலையின் தலைநகரான கொஹிமாவை முற்றுகையிட்டது. யூன் 22 வரை சண்டை நடந்தது. துணை ஆணையாளர் வீட்டின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று நின்று கைக்குண்டு எறிந்தார்கள். முடிந்தபோது ஊர் தரைமட்டமாகியிருந்தது. இன்று அந்த இடத்தில் பொதுநலவாயப் படையினரின் 1,420 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தங்களுடையது அல்லாத போர் ஒன்றில் வீடும் வயலும் இழந்த ஊரவர்களுக்கு அப்படி வரிசை எதுவும் கிடைக்கவில்லை.

ஆவோவின் சங்கி கிராமம் கொஹிமாவுக்கு வடக்கே, வேறொரு பகுதியில் இருந்தது. ஆனாலும் எரிந்தது அவருடைய மலை. தன் நிலத்தில் குண்டு விழும்போது தூரத்து நகரம் ஒன்றில் பரீட்சைக்குப் படித்தபடியும் வேலைக்குப் போனபடியும் இருந்தவர்கள் எங்களுக்குள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2009இன் முதல் ஐந்து மாதங்களைக் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ கழித்தவர்களுக்கு 1944இன் இந்த அணித்தலைவர் அந்நியர் அல்ல.

போர் முடிந்தது. 1947இல் மோகன் பகான் மீண்டும் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. 1911க்குப் பிறகு அது கிடைக்க 36 ஆண்டுகள் எடுத்தன. அதே ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி, இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு முதல்நாள், நாகா தேசிய அமைப்பு தன் மக்களின் சுதந்திரத்தைத் தனியாகப் பிரகடனம் செய்தது. டெல்லி அதை ஏற்கவில்லை. ஓராண்டு நிறைவதற்குள் ஒரு நாகா இளைஞர் வெம்பிளியில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கொடி என்பது கையில் எவ்வளவு பாரமாக இருக்கக்கூடும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இல்ஃபோர்ட் ஆட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்டம். பலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்றுவித்த அந்த அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். சிலர் காலில் துணிப்பட்டி சுற்றியிருந்தார்கள். ஆங்கிலேயப் பத்திரிகையாளர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. வீரர்களுக்கு அது பழகிய முறை. காய்ந்த தரையில் பந்தின் ஒவ்வொரு அசைவும் பாதத்துக்குத் தெரியும். ஈரத் தரையில் மட்டும் கால் வழுக்கும். சப்பாத்து இல்லாதது குறித்து விசாரித்தவர்களிடம் ஆவோ, கால்பந்து என்றால் காலால் ஆடுவதுதானே என்ற பொருளில் சிரித்தபடி பதில் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள்.

முப்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமப்படுத்தினார். இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன. இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்தது. முடிவு 2 - 1. ஒரே ஆட்டத்தோடு இந்தியா வெளியேறியது. தோற்றாலும் அந்த வெறுங்கால் ஆட்டத்தை இலண்டன் பார்வையாளர்கள் பாராட்டினார்கள்.

அணித்தலைவர் திரும்பிப் போனது வகுப்பறைக்கு. 1950இல் பட்டம் பெற்றார். அஸ்ஸாமின் திப்ருகரில் உள்ள வைத்தியக் கல்லூரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கொஞ்சக் காலம் பணிபுரிந்தார். பந்தை மெல்ல மெல்லக் கைவிட்டார். 1953இல் கொஹிமா அரச வைத்தியசாலையில் உதவிச் சத்திர வைத்தியராகப் பொறுப்பேற்றார். தந்தை இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாகா மலையில் ஆயுதப் போராட்டம் தொடங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1958இல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. 1963இல் நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் அங்கேயே இருந்தார். மாநிலத்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளர் பதவிக்கு வந்த முதல் நாகர் அவர்தான். 1978இல் ஓய்வு பெற்றார். 1998 செப்ரெம்பர் 13ஆம் திகதி, எண்பதாவது வயதில் காலமானார்.

உதைபந்தாட்டத்தில் அவர் உச்சத்தில் இருந்தது பத்து ஆண்டுகளுக்கும் குறைவு. தன் மலையில் வைத்தியம் பார்த்தது இருபத்தைந்து ஆண்டுகள். இந்தியத் தபால்துறை 2018இல் அவருக்கு முத்திரை வெளியிட்டது. வடகிழக்கு மாநிலங்களின் உதைபந்தாட்டச் சுற்று ஒன்று அவர் பெயரில் நடத்தப்பட்டது. இரண்டும் விளையாட்டுக்காகக் கிடைத்த மரியாதை. கொஹிமா வைத்தியசாலையில் குணமாகிப் போனவர்களுக்கு முத்திரை தேவைப்பட்டிருக்காது.

விளையாட்டா படிப்பா என்று கேட்கும் தாய்மாருக்கு ஆவோவைக் காட்டி, உங்கள் பிள்ளையாலும் இரண்டும் முடியும் என்று சொல்லிவிட நான் விரும்பவில்லை. அது பாதி உண்மை. அவரால் முடிந்ததற்குப் பின்னால் சில ஏற்பாடுகள் இருந்தன. இம்பூரில் யாரும் வேலி போடாத ஒரு விளையாட்டு நிலம் இருந்தது. மலைப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பாடசாலை இருந்தது. தனக்குக் கிடைத்த இடத்துக்கு நண்பனையும் கூட்டிப்போன சரத் தாஸ் இருந்தார். மாணவர் என்று தெரிந்தும் தலைமைப் பொறுப்பைக் கொடுத்த கழகம் இருந்தது. பட்டத்துக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது.

எங்கள் மாவட்டங்களில் இவற்றில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பது கடினம் அல்ல. இன்னும் விடுவிக்கப்படாத காணிகளில் விளையாட்டு மைதானங்களும் உண்டு. மாலையில் மைதானத்துக்குப் போகும் பிள்ளையைத் தனியார் வகுப்புக்குத் துரத்தும் வழக்கமும் உண்டு. பிள்ளையிடம் கேட்கும் கேள்வியை, ஒருமுறையாவது, அந்தப் பிள்ளையைச் சுற்றி இருக்கும் எங்களிடமும் கேட்க வேண்டும்.