மீண்டும் தடத்தில் ஒரு வீரர்

நம்மில் பலருக்கு மிதிவண்டி பள்ளிப் பருவத்தோடு முடிந்துபோன ஒன்று. தோட்டத்துச் செம்மண் பாதையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகியிருப்போம். மோட்டார் சைக்கிள் உரிமம் கைக்கு வந்ததும், அந்தப் பழைய மிதிவண்டி வீட்டின் பின்புறத்தில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். விட்டதை மீண்டும் தொட எத்தனை பேருக்கு மனம் வரும்? மிதிவண்டியால் உலகப் புகழ் பெற்று, களைத்து விலகி, பின்னர் இருமுறை அதனிடமே திரும்பி வந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்கக் கறுப்பின வீரர் மேஜர் டெய்லர்.

மார்ஷல் டெய்லர் 1878ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஒரு செல்வந்த வெள்ளையர் குடும்பத்தில் குதிரை வண்டி ஓட்டினார். அக்குடும்பத்துப் பிள்ளைக்குத் தோழனாக வளர்ந்த டெய்லருக்கு அங்குதான் முதல் மிதிவண்டி கிடைத்தது. பிறகு ஒரு மிதிவண்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இராணுவச் சீருடை அணிந்து கடை வாசலில் சாகசம் செய்து காட்டியதால் ‘மேஜர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றைய அமெரிக்காவில் திறமை மட்டும் போதவில்லை. நாட்டின் பெரிய மிதிவண்டிச் சங்கம் 1894இல் கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்பதில்லை என்று விதி செய்தது. டெய்லரின் ஆற்றலை உணர்ந்த முன்னாள் வீரர் லூயி மங்கர், 1895இல் அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கில் ஆறு நாள் நீடித்த பந்தயத்தில், 18 வயது டெய்லர் 1,700 மைலுக்கும் மேல் ஓட்டி முடித்தார்.

வெற்றிகள் கூடக் கூட வெறுப்பும் கூடியது. தடத்தில் மற்ற வீரர்கள் கூட்டாகச் சேர்ந்து அவரை வழிமறித்தார்கள். 1897இல் தோல்வியுற்ற வீரர் ஒருவர் அவரது கழுத்தை நெரித்து மயக்கமுறச் செய்தார். தங்கும் விடுதிகளும் உணவகங்களும் அவருக்குக் கதவடைத்தன. ஆயினும், 1899இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு மைல் ஓட்டத்தில் உலக வெற்றியாளரானார். மிதிவண்டியோட்டத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது 20.

1901இல் ஐரோப்பா அவரை வரவேற்றது. பாரிசில் பிரான்சின் எட்மண்ட் ஜாக்கெலினிடம் முதலில் தோற்ற டெய்லர், பதினொரு நாள் கழித்து அதே தடத்தில் அவரை வென்றார். ஐரோப்பாவின் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். தீவிர கிறிஸ்துவரான டெய்லரோ அந்நாளில் ஓட்ட மறுத்தார். பெரும் வருமானத்தை இழந்தாலும் கொள்கையை விடவில்லை.

ஆஸ்திரேலியாவில் இரு பருவங்கள் ஓட்டிவிட்டு 1904இல் நாடு திரும்பியபோது உடலும் மனமும் முற்றிலும் சோர்ந்திருந்தன. மிதிவண்டியை ஒதுக்கி வைத்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கடந்தன, உடல் பருத்தது. இனி டெய்லர் வரமாட்டார் என்று எண்ணியவர்கள் பலர்.

1907இல் அவர் மீண்டும் பாரிஸ் சென்றார். எதிரில் இருந்தவர்களோ இளையவர்கள். தொடக்கத்தில் தோல்விகளே மிஞ்சின. தளராமல் பயிற்சி செய்து எடையைக் குறைத்தார். 1908இல் மீண்டும் சாதனைகள் படைத்தார். ஆனால், இந்தத் திரும்புதலுக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். இறுதிக் காலத்தில், அதுவரை காத்துவந்த ஞாயிற்றுக்கிழமைக் கொள்கையைக் கைவிட்டு ஓட்டினார். அதை அவரது வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தைக் காக்க வேண்டிய ஒரு தந்தை அவர். 1910இல் போட்டிகளிலிருந்து முழுமையாக ஓய்வு பெற்றார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1917ஆம் ஆண்டு செப்டம்பரில், நியூ ஜெர்சியில் முன்னாள் வீரர்களுக்கென்று ஒரு பந்தயம் நடந்தது. 38 வயதில் டெய்லர் தடத்திற்கு வந்தார், வென்றார். அங்கு உலகப் பட்டம் எதுவும் இல்லை. அவர் வாழ்வின் மற்ற வெற்றிகளைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இத்தனை காயங்களுக்குப் பிறகும், அவருக்கும் மிதிவண்டிக்கும் இருந்த உறவை எவராலும் அறுக்க முடியவில்லை அல்லவா?

பிந்திய ஆண்டுகள் துயரமானவை. தொழில்கள் நொடித்தன, உடல்நலம் குன்றியது. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி, 1928இல் சொந்தச் செலவில் வெளியிட்டு, வீடு வீடாக விற்றார். 1932ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் காலமானார். உடலைப் பெற்றுக்கொள்ள எவரும் வரவில்லை. பெயர்ப்பலகைகூட இல்லாத குழியில் புதைத்தார்கள். 1948இல் முன்னாள் மிதிவண்டி வீரர்கள் ஒன்றுகூடி, மிதிவண்டி உற்பத்தியாளர் ஃபிராங்க் ஷ்வின் உதவியோடு அவரை முறையாக அடக்கம் செய்தனர். 1982இல் இண்டியானாபொலிசில் ஒரு மிதிவண்டித் தடம் அவர் பெயரைப் பெற்றது. 2008இல் வூஸ்டரில் நினைவுச்சின்னம் எழுந்தது.

நண்பர்களே, உலகம் அவரைத் தாமதமாகத்தான் திரும்பிப் பார்த்தது. அவரோ யாரும் அழைக்கும்வரை காத்திருக்கவில்லை. தாம் நேசித்ததிடம் தாமே திரும்பிச் சென்றார். நாம் பாதியில் விட்டது மிதிவண்டியாக இருக்கலாம், வீணையாக இருக்கலாம், தொடக்கப்பள்ளியோடு நிறுத்திய தமிழாகவும் இருக்கலாம். பழைய வேகம் உடனே வராது. முதலில் தோல்விதான் வரும். டெய்லருக்கும் அப்படித்தான் வந்தது. இருந்தும் அவர் ஏறி மிதித்தார்.