மறதியை அளந்த மேதை

பரீட்சைக்கு முந்திய இரவு, இவ்வூர்க் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரே பாடத்தைப் பத்து முறை உருப்போட்டுவிட்டு, எல்லாம் வந்துவிட்டதென்ற நிம்மதியோடு உறங்கியவன் நான். மறுநாள் வினாத்தாளைக் கண்டதும் பாதி பறந்துவிட்டது, தேர்வும் போயிற்று. ஹெர்மன் எபிங்ஹவுஸின் வரலாறு என் கண்ணில் பட்டது அதன் பிறகுதான்.

1850-இல் பிரஷ்யாவின் பார்மன் நகரில் பிறந்தவர். இளமையில் பிரான்சுடன் நடந்த போரில் படைவீரராயிருந்து, 1873-இல் பான் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்திலும் பிரான்சிலும் பாடம் சொல்லிக் காலம் கழித்தார். பெக்னரின் நூலொன்றைப் படித்தவருக்கு, புலனுணர்வை அளக்கலாமென்றால் நினைவை ஏன் அளக்கக் கூடாது என்று தோன்றியது. சோதனைக்கு வேறு ஆளைத் தேடவில்லை, தம்மையே வைத்துக்கொண்டார்.

பொருளுள்ள சொல்லானால் பழைய பழக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஆகவே பொருளற்ற அசைகள் சுமார் 2,300 ஆக்கி, கடிகார ஒலிக்கு இசைய ஓதி ஓதி மனப்பாடம் செய்தார். 1879-80-இல் ஒரு முறை. ஐயம் தீர 1883-84-இல் மறுபடியும். நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது! 1885-இல் நூல் வெளிவந்தது. கற்ற ஒரு மணி நேரத்திற்குள் பயனில் பாதிக்கு மேல் தேய்கிறது. பிறகு மறதியின் வேகம் தணிகிறது. என்னைத் தலைகுனிய வைத்தது வேறொரு கணக்கு. பன்னிரண்டு அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதிய பயனை, மூன்று நாட்களுக்குப் பங்கிட்ட 38 முறையே தந்துவிட்டது.

ஒரே மூச்சில் படிக்கையில் நாவில் வரும் சரளத்தை மனம் அறிவென்று எண்ணிவிடுகிறது. பாடத்திட்டம் வகுப்போரும் இம்மயக்கத்திற்கு விலக்கல்லர். ஓர் அதிகாரத்தில் முடித்த பொருளைப் பின்னர் எட்டிப் பார்ப்பதேயில்லை. மறுதேர்வுக்கு நான் நாள் பிரித்துப் படித்தேன். முதல் வாரம் ஒன்றுமே ஏறாதது போலிருந்தது, ஆனாலும் தேறினேன்.

மயக்கம் தமக்கும் உண்டென்று உணர்ந்திருந்தார் எபிங்ஹவுஸ். முடிவுகளைப் பார்க்கப் பார்க்க உள்ளத்தில் எழும் எதிர்பார்ப்பு அடுத்த சோதனையைத் தன் பக்கம் சாய்த்துவிடலாம் என்ற அச்சத்தையும் ஒளிக்காமல் நூலில் எழுதினார். அவர் கண்ட கணக்குகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1894-இல் பிரெஸ்லாவில் பேராசிரியரானார். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் சோர்வை ஆராயப்போய், விடுபட்ட சொற்களை நிரப்பும் சோதனையை அமைத்து 1897-இல் வெளியிட்டார். நம்மைப் பள்ளியில் வாட்டிய கோடிட்ட இடங்கள் நினைவுக்கு வருகின்றனவா? 1909-இல் ஹாலே நகரில், 59-ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் காலமானார். அவர் எழுதிவந்த உளவியல் நூலின் இரண்டாம் பகுதி பாதியில் நின்றது. எர்ன்ஸ்ட் டூர் என்பவர் அதை முடித்து வெளியிட்டார்.